கம்பளங்களைச் சுருட்டிய நாள்

ஆக்லாந்தை அடுத்த புக்கெகோஹிப் பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டில் குளிர்காலத்துக்கென ஒரு தனி ஏற்பாடு இருந்தது. கூடத்திலுள்ள விறகு அடுப்பு முதலில் நீரைச் சூடாக்கும். அந்நீர் கராஜில் ஆளுயரத்தை மிஞ்சி நிற்கும் தொட்டியில் சேரும். அங்கிருந்து ஒரு சிறிய பம்ப், கொங்கிரீட் தரைக்குள் புதைந்த குழாய்களின் வழியே அதனை வீடு முழுவதும் சுற்றிவரச் செய்யும். அயல்வீடுகளில் ஹீட் பம்ப் எனப்படும் மின்சூடாக்கி, பொத்தானை அழுத்தியதும் வேலையைத் தொடங்கிவிடும். எமது தரையோ இன்று இட்ட விறகுக்கு நாளைதான் விடை சொல்லும். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் என் மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. துணைக்கு அவளது தமக்கையார், நான் மச்சாள் என்று அழைப்பவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். சகோதரிகள் இருவரும் ஒரே கூரையின் கீழ் உறங்கிப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. அக்காவை வசந்தம் வரும்வரை எப்படியாவது இருத்திவிட வேண்டும் என்பதே மனைவியின் விருப்பம். ஆனால் நாங்கள் மருத்துவமனையும் வீடுமாக அலைந்ததில் அடுப்பு பல நாள் எரியாமல் கிடந்தது. வந்தவர் வாசலிலேயே தீர்ப்பு வழங்கிவிட்டார்.

“தம்பி, இது வீடோ, ஐஸ் பெட்டியோ?”

“நாளைக்குப் பாருங்கோ மச்சாள். நிலம் சூடாகக் கொஞ்ச நேரம் செல்லும்.”

“சூடாகாட்டில் டிக்கெட்டை மாத்தித் தாரும். நான் போறன்.”

அன்று தொடங்கி அடுப்பு ஓயவில்லை. நன்றாக உலர்ந்த மானுக்கா விறகாகத் தேர்ந்து இட்டேன். தொட்டி நிறைய வெந்நீர் சேர்ந்தது. ஆயினும் மச்சாள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காலுறைகளை மாட்டிக்கொண்டு கதிரையில் சுருண்டே இருந்தார்.

“உந்த அடுப்புக்கு விறகு தின்ன மட்டுந்தான் தெரியும்” என்றார். டிக்கெட் பேச்சு வேளைக்கு வேளை வலுத்தது. என் மனைவியின் முகம் வாடியது.

கராஜுக்குச் சென்று குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். தரைக்குச் செல்லும் குழாயில் நல்ல சூடு இருந்தது. அது முறையே. ஆனால் திரும்பி வரும் குழாயும் ஏறக்குறைய அதே சூட்டில் இருந்தது. உள்ளே சென்ற நீர், தன் வெப்பத்தை வாங்க ஆளின்றி அப்படியே மீண்டுகொண்டிருந்தது. கூடத்துக்குத் திரும்பியதும் காரணம் விளங்கிற்று. அக்காவுக்குக் குளிருமே என்று, ஊன்றுகோலுடனேயே நடந்து, வீட்டிலிருந்த கம்பளங்கள், பாய்கள், பழைய போர்வைகள் யாவற்றையும் அடுக்கடுக்காக விரித்திருந்தாள் என் மனைவி. சூடு முழுவதும் அவற்றின் அடியில் தங்கிவிட்டது.

காரணத்தைக் கண்டுவிட்டேன், சொல்வதுதான் கடினமாயிருந்தது. விருந்தினரின் காலடியில் விரித்ததை உருவுவது எங்கள் வழக்கமன்று. அதிலும் குளிர்கிறது என்பவரிடம் பாயை எடுக்கட்டுமா என்று எப்படிக் கேட்பது? மனைவியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

“உங்களுக்கென்ன விசரோ? அக்கா இண்டைக்கே வெளிக்கிட்டிடுவா!” என்றாள்.

வழி, வடகத்தின் உருவில் வந்தது. ஒருநாள் காலை வெயிலை நம்பி மச்சாள் உளுந்தும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்த்து வடகம் பிடித்தார். பிடித்து முடிவதற்குள் ஆக்லாந்து வானம் தன் வழக்கப்படி மனம் மாறி மழையைக் கொட்டியது.

“இது என்ன ஊரடி! வடகம் காய ஒரு முழு வெயில் இல்லை. எல்லாம் பழுதாகப் போகுது” என்று தங்கையிடம் அலுத்துக்கொண்டார்.

“நிலத்தில காயவிடுவம் மச்சாள்” என்றேன்.

“நிலத்திலயோ? பகிடி விடாதையும் தம்பி.”

“கீழ சுடுதண்ணி ஓடுது. உந்தப் பாயளை மட்டும் எடுத்தால் சரி.”

தமக்காக என்றால் இசைந்திருக்க மாட்டார். வடகத்துக்காக இசைந்தார். அனைத்தையும் சுருட்டி ஒதுக்கிவிட்டு, மெல்லிய வெள்ளைத் துணியொன்றை விரித்து வடகங்களைப் பரப்பினோம்.

மறுநாள் காலையில் காலுறைகள் யாவும் கதிரையின் மீது கிடந்தன. மச்சாள் தரையில் வெறுங்காலை நீட்டி அமர்ந்து வடகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

“அக்கா, டிக்கெட் மாத்துற கதை என்ன மாதிரி? இவர் இண்டைக்குப் போன் எடுக்கவோ?”

“விசர்க்கதை கதையாதை. இதுகளை அரைகுறையாய் விட்டிட்டுப் போறதோ? இன்னும் ஒரு கிலோ உளுந்து வாங்கியரச் சொல்லு உன்ர மனிசனை.”

மழையைப் பொருட்படுத்தாமல் உடனே காரை எடுத்தேன். கடையில் இருந்தவற்றுள் பெரிய மூட்டையாகப் பார்த்து வாங்கி வந்தேன்.