சிலோன்காரன் அடி வாங்கும் பக்கம்

பொங்கலுக்கு முந்தைய வாரம் பெருங்களத்தூரில் என்னைப் பார்க்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஊருக்குப் போகலையா அண்ணா?" கேட்டுக்கொண்டே கிழிந்த பையை என் மேசைமேல் வைப்பார்கள். ஜிப் போயிருக்கும், அல்லது கைப்பிடி அறுந்திருக்கும். தெற்கே போகிற பேருந்துகள் நிற்கிற இடத்துக்கு எதிரே, சந்து முனையில், பை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். இந்த நகரத்தில் பாதிப் பேர் வேறெங்கிருந்தோ வந்தவர்கள் என்பது இந்த ஒரு வாரத்தில்தான் வெளியே தெரியும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கு ஒரு பேருந்து இருக்கிறது. நடத்துநர் அதன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். என் ஊரின் பெயரை எந்த நடத்துநரும் கத்துவதில்லை. "இல்ல சார், வேலை கீது" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். கூச்சக்காரனுக்குத் தையல் மெஷின் நல்ல மறைவு.

அகதி முகாம்களில் இருக்கிறவர்களும், பிரான்சுக்கும் கனடாவுக்கும் போனவர்களும், கடலுக்கு அந்தப் பக்கம் நம் ஊரிலேயே இருந்துவிட்டவர்களும் படிப்பார்கள் என்று நினைத்து இதை எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதுவும் வன்னியில் பள்ளிக்கூடக் கூரை இருந்த காலத்தில். படகில் வந்து இறங்கிய பிறகு பள்ளிக்கூடம் எனக்கு வாய்க்கவில்லை. வாசிப்பை விடாமல் வைத்திருந்தது வாடகைப் புத்தகங்கள்தான். என் கடைக்கு அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற மேரி டீச்சர் முன்னறையில் வாடகை நூலகம் நடத்துகிறார். காதல், பேய், கொலை எல்லாம் அங்கே கிடைக்கும். டீச்சர் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி வைப்பார். படித்தவர்கள் அதில் தங்கள் அபிப்பிராயத்தை எழுத வேண்டும். கீழே பெயர், ஒரு காற்புள்ளி, ஊர். இது அவர் போட்ட சட்டம். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தாளிலும் எழுதியதில்லை. பெயர் வரைக்கும் சரி, அதற்குப் பிறகு எதை எழுதுவது? இங்கே என்னை எல்லோரும் ராமநாதபுரம் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மறுத்துச் சொன்னதில்லை.

டீச்சர் போன மாதம் ஒரு நாவலைக் கொடுத்தார். "லைட்டா இருக்கும், படிங்க. சிரிச்சுக்கிட்டே போகலாம், யார் திருடன்னு கடைசி வரைக்கும் தெரியாது." உண்மைதான். வேளச்சேரியில் தனியாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு வேறு யாருக்கோ வர வேண்டிய பார்சல் வந்துவிடுகிறது. உள்ளே வைரம். அதை விசாரிக்க வருகிற வங்கி அதிகாரியைத் திருடன் என்று நினைத்து அவள் குளியலறையில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். அவன் உள்ளேயிருந்தபடியே அவளிடம் காதல் பேச ஆரம்பிக்கிறான். நான் மெஷினை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அதையும் சொல்ல வேண்டும். பாதிக் கதைக்குமேல்தான் மாடியறையில் குடியிருக்கிற சிலோன் சின்னராசா வருகிறார். அவர் வாயைத் திறந்தாலே சிரிப்பு வர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர் யாரும் எந்தக் காலத்திலும் பேசியிருக்க முடியாத ஒரு பேச்சு அது. பார்சல் காணாமல் போனதும் எல்லோரும் அவரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். கதாநாயகன் அவரை மாடிப்படியில் உருட்டி உருட்டி அடிக்கிறான். மூன்று பக்கம் அடிக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் அவர் ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேச வேண்டும். கடைசியில் திருடியது கதாநாயகியின் தாய்மாமன் என்று தெரிகிறது. கதாநாயகன் சின்னராசாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கிறான். அவர் அதை உறிஞ்சிக்கொண்டே மாலை எடுத்துக் கொடுக்க, கல்யாணம் நடக்கிறது.

கடைசித் தாளைத் திருப்பினேன். அது ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருந்தது. "ஹீரோயின் லூசா? ஆனா பிடிச்சிருக்கு – கீதா, சேலையூர்." "காதல் ஓகே. சஸ்பென்ஸ் சப்பை. மாமாவை நான் முதல் பக்கத்துலயே கண்டுபிடிச்சிட்டேன் – ரமேஷ், குரோம்பேட்டை." அதற்குக் கீழே வேறு கை: "அப்புறம் ஏன் கடைசி வரைக்கும் படிச்ச?" ஒரு வயதானவர் நடுங்கும் எழுத்தில், குடும்பத்தோடு படிக்கலாம் என்று சான்றிதழ் கொடுத்திருந்தார். பள்ளிக்கரணையிலிருந்து ஒரு அம்மா, கதாநாயகன் இவ்வளவு பேசினால் கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று எழுதியிருந்தார். இப்படி எல்லாவற்றிலும் ஒருவரை ஒருவர் வெட்டிப் பேசியவர்கள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். "சிலோன் ஆளு அடி வாங்குற சீன் செம." "சின்னராசா காமெடி சூப்பர்." யாரோ ஒருவர் அந்த மூன்று பக்கங்களின் மூலையையும் மடித்து வைத்திருந்தார், திரும்பத் திரும்பப் படிப்பதற்காக.

என் வீட்டிலும் அதே அபிப்பிராயம்தான். என் மனைவி லட்சுமி முடிச்சூர்க்காரி. கடையில் என்னோடு உட்கார்ந்து கைப்பிடி தைப்பவள். அவளுக்கு அந்த நாவல் உயிர். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் கேட்டாள்.

"இன்னாய்யா, மூஞ்சிய தூக்கி வச்சுகினு கீற? கதை தானே அது."

"அந்த ஆளு ஒண்ணும் பண்ணல. அவர போட்டு அடிக்கிறான். நீ சிரிக்கிற."

"அவரு திருடன் இல்லன்னுதானே முடிச்சிருக்காங்கோ? நல்லவராத்தானே காட்டிகீறாங்கோ?"

"டீ வாங்கிக் குடுத்தா ஆச்சா?"

நான் சிலோனிலிருந்து வந்தவன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்; எனக்குக் கோபம் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாது. நான் சொன்னதில்லை.

நாங்கள் முகாமிலிருந்து வெளியே வந்து ஓர் ஊரில் வாடகைக்கு இருந்தபோது பக்கத்து வீட்டில் நகை காணாமல் போனது. அந்தத் தெருவில் எங்கள் பேச்சு மட்டும் வேறு. என் அப்பாவைப் போலீஸ் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போன அன்று திரும்பி வரவில்லை. மறுநாள் அந்த வீட்டுக்காரரின் சொந்த மருமகன் நகையோடு பிடிபட்டான். அப்பா நடந்தே வந்தார். இடது கை வீங்கி, சட்டைக் கைக்குள் நுழையாமல் இருந்தது. நான் அழுதேன். அவர் சொன்னது இதுதான்: "ஒண்டும் இல்லை ராசா. பிழையா நினைச்சுப் போட்டினம். தேத்தண்ணி வாங்கித் தந்தவை." அந்த ஒரு டீயை ஏதோ மரியாதை மாதிரி எங்களிடம் சொன்னார். அந்தக் கையால் அவர் பிறகு எதையும் பாரமாகத் தூக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் இந்த ஊர்ப் பேச்சைப் பழகினேன். கடைகளில் நின்று கேட்டுக் கேட்டுப் பழகினேன். வாயில் நம்முடைய பேச்சு வந்தால் பல்லைக் கடித்து உள்ளே தள்ளினேன். இப்போது யாரும் கண்டுபிடிக்க முடியாது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். அந்தத் தாளைப் பார்த்த பிறகு, எவ்வளவு பயந்து வாழ்ந்திருக்கிறேன் என்று எனக்கே எரிச்சல் வருகிறது.

பொங்கலுக்கு முந்தின நாள் மாலை, சிறுசேரியில் ஐ.டி. வேலை பார்க்கிற ஒரு பையன் வந்தான். கார்த்திக் என்று பெயர். ஊர் மதுரை. எனக்குத் தெரிந்த நல்ல பையன்தான், கூலியில் பேரம் பேசமாட்டான். முதுகுப்பையை மேசையில் போட்டான். ஜிப் வாயைப் பிளந்திருந்தது. கையில் டீச்சரிடம் எடுத்த புத்தகம். அதே நாவல்.

"அண்ணா, இத நீங்க படிச்சீங்களா? ரெண்டாவது தடவ எடுத்திருக்கேன், பஸ்ல படிக்க. அந்த சிலோன் ஆளு மாடிப்படியில உருளுவான் பாருங்க!" என்று சொல்லிவிட்டு, தோளைக் குலுக்கி அந்தப் பேச்சைப் பேசிக் காட்டினான்.

நான் ஜிப்பைப் பிரித்துக்கொண்டே கேட்டேன். "அவர அடிச்சது சரியா சார்?"

"சரியாவா? செம டைமிங்ண்ணா!"

அப்போது என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. மெஷினிலிருந்து கையை எடுத்தேன். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். "தம்பி, ஒரு பிழையும் செய்யாத மனுசனை அவன் ஏன் அடிச்சவன்? அதில என்ன பகிடி கிடக்கு? சொல்லும் பாப்பம்."

முப்பது வருஷத்துக்கு மேலாகப் பூட்டி வைத்திருந்த பேச்சு.

கார்த்திக் கைதட்டிச் சிரித்தான். "ஐயோ அண்ணா! அப்படியே சின்னராசாண்ணா! உங்களுக்குள்ள இப்படி ஒரு மிமிக்ரியா? டேய், இங்க வாங்கடா!" டீக்கடையில் நின்ற இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டான். போனை எடுத்தான். "இன்னொரு வாட்டி அதே கோவத்தோட சொல்லுங்கண்ணா, ஒரே ஒரு வீடியோ."

நான் உட்கார்ந்திருந்தேன். என் அப்பாவின் பேச்சு அது. நான் உண்மையாகப் பேசியதை நடிப்பு என்கிறான். அந்த நாவல் எழுதியவருடைய பொய்ப் பேச்சுதான் அசல், நான் அதன் நகல். நாங்கள் கோபப்படுவதைக்கூட இவர்கள் முன்கூட்டியே எழுதிச் சிரித்து முடித்துவிட்டார்கள். இனி எதைப் பேசிக் கோபப்படுவது?

லட்சுமி ஊசியைக் கீழே வைத்தாள். "போன உள்ள வையி தம்பி. அவரு ஒண்ணும் மிமிக்ரி பண்ல. அவரு ஊரு பேச்சே அதான்."

போன் இறங்கியது. நண்பர்கள் சாலையைப் பார்த்தார்கள். "சாரிண்ணா, சத்தியமா தெரியாது" என்றான் கார்த்திக். முகம் சிவந்துவிட்டது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று தேடி, "ஆனா உங்களப் பாத்தா அப்படித் தெரியவே இல்லண்ணா" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். அதைக் கேட்டுத்தான் எனக்கு இன்னும் கொதித்தது. நான் தலையைக் குனிந்து தைக்க ஆரம்பித்ததும், டீக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தான். கையில் ஒரு டீ. மெஷின் ஓரத்தில் வைத்து, "குடிங்கண்ணா, ப்ளீஸ்" என்றான்.

அந்த டம்ளரைப் பார்த்தேன். "வேணாம் சார். எடுத்துட்டுப் போங்க" என்றேன். அவன் எடுக்கவில்லை. டீ ஆடை கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தது.

ஜிப்பைத் தைத்து முடித்தேன். மேசைமேல் கிடந்த புத்தகத்தை எடுத்துக் கடைசித் தாளைத் திருப்பினேன். அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. ரசீது எழுதுகிற பேனாவால், ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதினேன்: "குளியலறைக் காட்சிக்கு நானும் சிரித்தேன். சின்னராசாவை அடித்ததற்குச் சிரிக்க முடியவில்லை. அவர் டீ கேட்கவில்லை." கீழே என் பெயரை எழுதினேன். காற்புள்ளி வைத்தேன். லட்சுமி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்த்திக்கும்தான். என் ஊரை எழுதினால் அடுத்து எடுப்பவர் அதையும் ஒரு வேடிக்கை என்று மூலையை மடிப்பார். பெருங்களத்தூர் என்று எழுதினால், யாரோ ஓர் உள்ளூர்க்காரருக்கு நகைச்சுவை புரியவில்லை என்று ஆகிவிடும். பேனா தாளுக்கு மேலே நின்றது.

"மதுர, மதுர, மதுர!" என்று எதிரில் சத்தம் கேட்டது. "அண்ணா, பஸ்ஸு" என்றான் கார்த்திக், மெதுவாக. நான் புத்தகத்தை மூடிக் கொடுத்தேன். அதைப் பைக்குள் வைத்து, நான் தைத்த ஜிப்பை இழுத்தான். அது கடைசிவரை ஒழுங்காக ஓடியது. சாலையைக் கடந்து ஓடி ஏறிக்கொண்டான். என் பெயரும், அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லாத காற்புள்ளியும், அவனுடைய ஊருக்குப் புறப்பட்டுப் போயின.

லட்சுமி அந்த டீயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "உங்க ஊரு பேரு இன்னாய்யா? முழுசா சொல்லு" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மேசைமேல் இன்னொரு பை வந்து விழுந்தது.

"சீக்கிரம் அண்ணா, பஸ்ஸுக்கு டைம் ஆச்சு. நீங்க ஊருக்குப் போகலையா?"