தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்பில் ஒரு உச்சு

எங்கள் கணினி அறிவியல் துறையில் டைப்பிஸ்டம்மா என்று ஒருவர் இருக்கிறார். துறையில் கடைசி டைப்ரைட்டர் இருந்தது பதினைந்து வருஷத்துக்கு முன்னால். மிஷின் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அவர் அலுவலகத்தின் ஒரே கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து விடுப்புக் கடிதம், சான்றிதழ் விண்ணப்பம், புகார் மனு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார். அடுத்த மேஜையில் ஸ்டோர் கீப்பராக நான். பத்தொன்பது வருஷமாக அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த ஊரே கேட்டுக்கொண்டிருப்பதால் அதில் எனக்குத் தனிப் பெருமை ஒன்றும் கிடையாது.

ஆமாம், ஊரேதான். பஸ்ஸில் "அடுத்த நிறுத்தம், ரயில் நிலையம்" என்று ஒரு பெண்குரல் சொல்கிறதே, அது இவருடையது. ஆஸ்பத்திரியில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதும், பெரிய தபால் ஆபீஸ் லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்று எச்சரிப்பதும் இவரே. இவர் அங்கெல்லாம் போய்ப் பேசவில்லை. எங்கள் துறை செய்த புரோகிராம் பேசுகிறது. எழுத்தைக் கொடுத்தால் போதும், இவர் குரலில் வாசித்துவிடும்.

எங்கள் துறைக்கு வேறு சாதனைகள் இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடி அலமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பந்தை உதைக்கும் ரோபோவுக்கு மூன்றாம் பரிசு வாங்கியிருக்கிறோம். அது அடித்த இரண்டு கோலில் ஒன்று சொந்தக் கோல் என்பது கேடயத்தில் எழுதப்படவில்லை. இலையைப் பார்த்து நோய் சொல்லும் புரோகிராம் ஒன்றும் உண்டு. துறைத்தலைவர் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு அதன் எதிரே நின்றபோது அவருக்கு வேர் அழுகல் என்று சொல்லிவிட்டது. அதற்கும் ஒரு கோப்பை இருக்கிறது, மேல் தட்டில்.

ஆனாலும் குரல்தான் எங்கள் மகுடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, நடக்கத் தெரியாமல் ஓட மட்டுமே தெரிந்த பெண், பதினொரு பேர் குரலைப் பதிவு செய்து பார்த்தாள். இரண்டு பேராசிரியர்களின் குரலும் அதில் இருந்தது. மிஷினுக்குப் பிடித்தது டைப்பிஸ்டம்மாவைத்தான். காய்கறி எடைபோடுவதுபோல் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எடுத்து வைத்துப் பேசுபவர் அவர்.

"என் குரலா? நல்லா யோசிச்சுக்கோம்மா. இதைத் தகரம்னு சொன்னவங்க இருக்காங்க," என்றார் அவர்.

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பிறந்தவங்க."

அக்கா என்ற வார்த்தை அவர் வாயில் வராது. விஷயம் இதுதான். அதற்கும் நான்கு வருஷம் முன்னால் அவர்களுடைய அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு கூடம் பிடித்திருந்தார்கள். நம்மவர் இரண்டு பக்கத்துக்கு நன்றியுரை எழுதி, அதை மூன்று முறை டைப் அடித்து, மைக்கைப் பிடித்து மூன்றாவது வரியில் இருந்தபோது, அக்கா வந்து மைக்கை அணைத்துவிட்டார். "உன் தகரக் குரலுக்கு மைக் வேற எதுக்குடி, தெருக்கோடிக்கே கேக்குது." எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நம்மவர் பேப்பரை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்தான். அதன்பிறகு ஒரு வார்த்தை கிடையாது.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை தப்பானவர்கள்தான் திருத்தி எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது அவர் சட்டம். தன் விடை தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. டைப்பிஸ்டம்மாவின் கணவர் நடுவில் சமாதானம் பேசப் போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த மனுஷருக்கு வேறு குறையும் உண்டு. "வீட்டுல ஒரு தடவையாவது 'தயவுசெய்து' சொல்லியிருக்காளா? லிஃப்ட்டுக்கு எல்லாம் சொல்றா," என்று என்னிடம் புலம்புவார்.

நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன், சொல்கிறேன். டைப்பிஸ்டம்மாவுக்கு அக்கா இல்லாமல் முடியவில்லை. நல்ல புடவையைப் பார்த்தால் "அவங்களுக்கு இந்த நீலம் பிடிக்கும்" என்பார். அடுத்த நிமிஷமே பிடித்தால் எனக்கென்ன என்பார். குரல் கொடுக்க ஒப்புக்கொண்டதே, ஊர் முழுக்க ஒலிக்கட்டும், அவங்க காதிலும் விழட்டும் என்றுதான்.

பழைய காகிதக் கிடங்கில் சுவரெல்லாம் மெத்தை ஒட்டி, ஃபேனை நிறுத்தி, பதினொரு நாள் வாசித்தார். ஒன்பதாயிரம் வாக்கியம். அதில் ஊரிலுள்ள நூற்றுப் பதினான்கு பஸ் நிறுத்தங்களும் ஒவ்வொன்றும் முப்பது முறை. வியர்வையைத் துடைக்கப் போன துண்டுக்கு நான்தான் ஸ்டோரில் கணக்கெழுதினேன். பஸ்ஸில் குரல் வந்த முதல் நாள் நாங்கள் பதினெட்டுப் பேர் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் கைதட்டி, கண்டக்டரிடம் திட்டு வாங்கினோம்.

ஒன்றரை வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்துக்காரர்கள் வருத்தப்படுகிறார்களாம். "மற்ற எல்லா ஸ்டாப்பையும் மரியாதையாகச் சொல்லும் அந்த அம்மா, எங்கள் ஸ்டாப் வந்தால் மட்டும் உச்சுக் கொட்டுவது ஏன்? நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மாணவி ஓடினாள். பஸ்ஸில் போய்க் கேட்டாள். உண்மைதான். "அடுத்த நிறுத்தம்... ச்சு... தண்ணீர்த் தொட்டி." பழைய பதிவுகளைத் தோண்டினாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. முப்பது பதிவிலும் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் ஒரு சின்ன உச்சு. மிஷின் என்ன செய்யும், அந்த ஸ்டாப்பின் பெயரே உச்சில்தான் தொடங்குகிறது என்று கற்றுக்கொண்டுவிட்டது.

"தண்ணீர்த் தொட்டியில யாரும்மா இருக்காங்க?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு ரெண்டு வருஷம்..." என்று ஆரம்பித்தார். போதும் என்று கையைக் காட்டினேன்.

விஷயம் சும்மா போயிருக்கும். ஆனால் அந்த வருஷத்தின் சிறந்த பல்கலைக்கழகத் திட்டம் என்ற கேடயத்துக்கு எங்கள் குரலும் போட்டியில் இருந்தது. மூன்று பேர் குழு வியாழக்கிழமை வரப்போகிறது. துறைத்தலைவருக்குத் தூக்கம் போயிற்று. பச்சைச் சட்டையைப் பீரோவில் பூட்டிவிட்டு, டைப்பிஸ்டம்மாவை மறுபடியும் கிடங்குக்கு அனுப்பினார். ஒரே ஒரு பெயர், உச்சு இல்லாமல்.

அவர் தலைகீழாக நின்று பார்த்தார். "தண்ணீர்" என்று தனியாகச் சொன்னால் வரவில்லை. "தொட்டி" என்று தனியாகச் சொன்னாலும் வரவில்லை. இரண்டையும் சேர்த்தால் ச்சு. பல்லுக்கு நடுவே பேனாவைக் கடித்துக்கொண்டு சொன்னார், பேனாவோடு ச்சு. நாற்பத்தொரு முறை. கடைசியில் வெளியே வந்து, "நாக்கு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது சார்," என்று என் மேஜையில் தலை சாய்த்துக்கொண்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மாணவி வேறு வழி கண்டுபிடித்தாள். முப்பது பதிவிலும் உச்சை மட்டும் கத்தரித்து எடுத்து, மிஷினுக்கு மறுபடி பாடம் சொல்லிக் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை புதுக் குரல் பஸ்களுக்குப் போனது. சுத்தம். துறைத்தலைவர் எல்லோருக்கும் டீ சொன்னார். டைப்பிஸ்டம்மா மட்டும் சாயங்காலம் தன் ஸ்டாப்பில் இறங்காமல் தண்ணீர்த் தொட்டி தாண்டும் வரை போய்க் கேட்டுவிட்டு வந்தாராம். "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ மூணாம் மனுஷி பேசற மாதிரி இருக்கு," என்றார் மறுநாள்.

வியாழக்கிழமை பத்தரை மணி. குழு வந்துவிட்டது. தலைவி ஒரு வெள்ளைமுடி அம்மா, கையில் குறிப்பேடு. துறைத்தலைவர் தாழ்வாரத்தில் கண்ணாடி அலமாரியைக் காட்டிக்கொண்டிருந்தார், வேர் அழுகல் பற்றி மட்டும் வாய் திறக்காமல். அப்போது கவுண்டரில் ஒரு பெண்மணி வந்து நின்றார். குடை, கைப்பை, மூக்குக் கண்ணாடி, நான்காக மடித்த காகிதம். டைப்பிஸ்டம்மா நிமிர்ந்து பார்த்தார். உடனே முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டார். மடித்த விதத்தைப் பார்த்ததுமே யாரென்று எனக்கும் தெரிந்துவிட்டது.

வந்தவர் என் பக்கம் திரும்பினார். "புகார் மனு யார்கிட்ட குடுக்கணும்?"

"இவங்ககிட்டதாங்க."

"இவங்களைத் தவிர?"

"வேற ஆள் இல்லீங்க."

"அப்ப நீங்களே இவங்ககிட்ட சொல்லுங்க. திங்கக்கிழமையிலேருந்து பஸ்ஸுல தண்ணீர்த் தொட்டிய சரியா சொல்றதில்ல."

நடுவில் ஒரு முழம் பலகை. நான் இங்கே இருந்து அங்கே சொல்ல வேண்டுமாம். டைப்பிஸ்டம்மாவும் என்னைப் பார்த்தே பேசினார். "என்ன சரியில்லன்னு கேளுங்க சார்."

புகார் என்ற சொல் காதில் விழுந்ததும் குழுத்தலைவி அலமாரியை விட்டு வந்துவிட்டார். பின்னாலேயே துறைத்தலைவர், முகத்தில் ரத்தமில்லாமல். அவர் பின்னால் மாணவி, ஓட்டமாக.

"சொல்லுங்கம்மா, என்ன குறை?" என்றார் குழுத்தலைவி.

"உச்சைக் காணோம்," என்றார் அக்கா.

"அது பிழைங்க மேடம். நாங்க கண்டுபிடிச்சு எடுத்துட்டோம்," என்றாள் மாணவி பெருமையாக.

"பிழைன்னு உனக்கு யாரும்மா சொன்னது? முப்பது வருஷமா விடைத்தாள் திருத்தறேன், எது பிழைன்னு எனக்குத் தெரியாதா?" டீச்சர் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. தகரத்தில் குடும்பத்துக்கே பங்கு உண்டு என்று எனக்கு அப்போது புரிந்தது. "நாற்பது பேர் கையெழுத்து வாங்கிட்டு என்கிட்டயும் வந்தாங்க. நான் போடல. ஒன்றரை வருஷமா தினமும் சாயங்காலம் அந்த உச்சைக் கேட்டுத்தான் இறங்கறேன். எம்மேல கோவமா இருக்கா, சரி. இருக்கட்டும். கோவம் இருக்குன்னா நான் இருக்கேன்னு அர்த்தம். திங்கக்கிழமை அது வரல. வெறும் தண்ணீர்த் தொட்டி. எல்லா ஸ்டாப்பையும் சொல்ற மாதிரியே. எனக்கு எந்திரிக்கவே தோணல. டிப்போ வரைக்கும் போயிட்டேன்."

கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு ஆறு வருஷத்தில் முதல் முறையாக நேராகத் தங்கையைப் பார்த்தார்.

"கோவத்தையும் விட்டுட்டியாடி?"

டைப்பிஸ்டம்மா எழுந்தார். வாயைத் திறந்தார். அவர் என்ன பேச நினைத்தாரோ தெரியாது, வந்தது ஒன்றுதான்.

"ச்சு."

"அப்பாடா," என்றார் அக்கா.

அப்புறம் கவுண்டர் கதவைத் திறந்தது யார், யார் முதலில் கட்டிக்கொண்டது என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. என் கண்ணாடியில் ஆவி படர்ந்துவிட்டது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே ஸ்டோர் கீப்பரின் சதையும் சேர்ந்து ஆடியது. குழுத்தலைவி குறிப்பேட்டில் நீளமாக ஏதோ எழுதினார். துறைத்தலைவர் எட்டிப் பார்க்க முயன்று தோற்றார்.

கேடயம் எங்களுக்குத்தான் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து உச்சைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். நாற்பது பேரில் பதினேழு பேர் ஸ்டாப்பைத் தவறவிட்டு டிப்போ பார்த்திருந்தார்கள். உச்சுக்குத்தான் அவர்களுக்கும் விழிப்பு வருமாம். பழையதையே வைக்கலாம் என்றேன். டைப்பிஸ்டம்மா வேண்டாம் என்றார், அது கெட்ட நாளில் கொட்டியது, புதிதாகக் கொடுக்கிறேன் என்று கிடங்குக்குப் போனார்.

அங்கேதான் வினை. உச்சு வரவில்லை. "அடுத்த நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி" என்று பட்டுப்போல் வருகிறது. வேண்டுமென்றே கொட்டினால் பல்லி மாதிரி இருக்கிறது. இருபது முறை, முப்பது முறை. மாணவி தலையில் கை வைத்தாள். சனிக்கிழமை, துணைக்கு வந்து மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். முப்பத்திரண்டாவது முறை, "அடுத்த நிறுத்தம்" என்று தங்கை சொல்லி வாய் மூடுவதற்குள் எழுந்து வந்து மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தார்.

"கொஞ்சம் தள்ளியே வெச்சுக்கோ. இப்பவும் அதே தகரந்தான்."

"ச்சு," என்றார் டைப்பிஸ்டம்மா. "தண்ணீர்த் தொட்டி."

அக்கா பேசியதை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டோம். மீதிதான் இப்போது பஸ்ஸில் ஓடுகிறது.