வியாழக்கிழமைப் பெட்டி

பிரிஜட் டீச்சர் தங்கம் அக்காவுக்கு அறுபத்து மூன்று சிங்கப்பூர் வெள்ளி தர வேண்டியிருந்தது. காணாமல் போன ஏழு தமிழ்ப் புத்தகங்களின் விலை அது.

தங்கம் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள். கூட்டித் துடைக்க வந்த தொடக்கப்பள்ளியிலேயே, யார் சிபாரிசும் இல்லாமல், நூலகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவள். எட்டாயிரம் புத்தகம். பதினோரு வருடக் கணக்கெடுப்பில் ஒன்றுகூடக் குறைந்ததில்லை. பட்டம் வாங்கியவர்கள் செய்து காட்டட்டும், பார்ப்போம்.

அவளைத் தேடி வந்த ஒரே ஆசிரியை பிரிஜட்தான். வியாழக்கிழமை இடைவேளையில் மைலோ பானப் பாக்கெட்டோடு வந்து அடுத்த வாரப் பாடத்தைச் சொல்வார். தங்கம் அதற்கேற்ற முப்பது புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கி வகுப்புக்கு அனுப்புவாள். வகுப்பில் வாயே திறக்காத தாரணி, மீன் புத்தகத்தையே மூன்று முறை இரவல் வாங்கியதைக் கவனித்துச் சொன்னது தங்கம். மறுவாரம் பிரிஜட் மீனையே பேச்சுக்குத் தலைப்பாகக் கொடுத்தார். அந்தப் பிள்ளை ஐந்து நிமிடம் நிறுத்தவில்லை.

"என் சம்பளத்துல பாதி உங்களுக்குத்தான்க்கா கொடுக்கணும்."

"முழுசா குடுத்துடுங்க லா டீச்சர். வேலை செஞ்சது நானு."

புத்தகங்களைப் பிள்ளைகள் வீட்டுக்கும் கொண்டுபோகட்டும் என்று பிரிஜட் விட்டதில்தான் ஏழு போயிற்று. கணக்கெடுப்புக்கு முன் தங்கம் லிட்டில் இந்தியா கடையில் தன் காசில் வாங்கி அடுக்கிவிட்டாள். பேர் கெடக்கூடாதே.

"அடுத்த மாசம் தந்துடுறேன்க்கா. வீட்டுல செலவு கூடிப்போச்சு."

"காசு வரட்டும் டீச்சர், அப்புறம் பெட்டி வரும்."

பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். பிரிஜட் அதன்பின் வரவில்லை. தங்கமும் இறங்கிப் போகவில்லை. இரண்டு பள்ளித் தவணைக் காலம் முழுக்கப் பெட்டி காலியாகக் கிடந்தது. டீச்சர் மருத்துவ விடுப்பில் இருப்பதாக அலுவலகத்தில் சொன்னபோதும், 'என் மூஞ்சியில முழிக்கப் பயம்' என்றே நினைத்தாள். ஒரு திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் பிரிஜட் டீச்சருக்காக எல்லாரையும் மௌனமாக நிற்கச் சொன்னார்கள். புற்றுநோய் என்று அப்போதுதான் தெரிந்தது.

தேவாலயத்தில் முப்பதாம் நாள் பூசை முடிந்து, தங்கம் பிரிஜட்டின் குவீன்ஸ்டவுன் வீட்டுக்குப் போனாள். கணவர் பெர்னார்ட் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். படுக்கையில் கிடந்தபடி பிரிஜட் எழுதிய அடுத்த வருடப் பாடத்திட்டம். ஒவ்வொரு வாரத்திலும் 'புத்தகங்கள்' என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"நீயே எழுதேன்னேன். தங்கம் அக்காதான் சொல்லணும்னுட்டா."

தங்கத்துக்கு எழுத்து கலங்கியது. "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே தம்பி."

"கடன வச்சிக்கிட்டு எப்படிப் போய் நிக்கிறதுன்னா. கைய நீட்டுங்கக்கா."

"வேணாம். எனக்கு வேணவே வேணாம்."

"அவ எடுத்து வச்சது."

தங்கம் கையை நீட்டினாள். ஆறு பத்து வெள்ளி நோட்டுகள், ஒரு இரண்டு வெள்ளி நோட்டு, கடைசியாக ஒரு வெள்ளிக் காசு. ஒவ்வொன்றாக எண்ணி, விரிந்த உள்ளங்கையில் வைத்தார் பெர்னார்ட்.