பத்துப் பக்கம், பெயர் மட்டும் இல்லை

இருபத்திரண்டு வருஷமாக ஆங்கிலம் கற்றுத் தரும் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, ஆங்கிலம் கற்றுத் தருவது எப்படி என்று இரண்டு நாள் பாடம் எடுத்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆனாலும் டீச்சர் வாயைத் திறக்கவில்லை. பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் ஆங்கிலத் துறைத் தலைவர் பதவிக்கு அவர் பெயர் போகும். ஏற்கெனவே இரண்டு தடவை நழுவிப்போன பதவி அது.

முதல் நாள் கொட்டாவியிலேயே கழிந்தது. இரண்டாம் நாள் பயிற்சியாளர் திரையில் பாடத்தைப் போட்டதும் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது டீச்சர் தன் வகுப்பில் தானே கண்டுபிடித்த கற்பித்தல் முறை. ஆசிரியரே வேண்டுமென்று தப்பாகப் பேசுவார். பிள்ளைகள் பாய்ந்து திருத்துவார்கள். வாயே திறக்காத கடைசி பெஞ்சுகூட டீச்சரை மடக்கும் ஆசையில் எழுந்து நிற்கும். இதையெல்லாம் போன வருஷம் பதவிக்கு விண்ணப்பித்தபோது, தன் பணி அனுபவம் என்று பத்துப் பக்கம் கைப்பட எழுதிக் கல்வி அலுவலகத்தில் கொடுத்திருந்தார். புதுமை ஏதும் இல்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தப் புதுமையில்லாத சரக்குதான் இப்போது வண்ண வண்ணமாகத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் பெயரைக் காணோம்.

"டீச்சர், இது உங்களோடதுதானே?" என்று காதைக் கடித்தார் பக்கத்தில் இருந்த சக ஆசிரியை.

"பேசாம இருங்க. சாயங்காலம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடறேன்."

இருந்திருப்பார். ஆனால் சுட்டவருக்குச் சுட்ட பொருளைக் கையாளத் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண்ணை எழுப்பி ஆங்கிலத்தில் பேசச் சொன்னார் பயிற்சியாளர். அவள் தடுமாறியதும், "எல்லாரும் தப்பைப் பிடிங்க பார்ப்போம்!" என்றார். அறையே சிரித்தது. அந்தப் பெண் முகம் செத்துப்போய் நின்றாள்.

டீச்சர் எழுந்துவிட்டார்.

"சார், தப்பு பண்ண வேண்டியது நீங்க, அவங்க இல்ல. யாரும் கூனிக் குறுகக் கூடாதுன்னுதான் இதை நான் கண்டுபிடிச்சேன். ஏழாம் பக்கத்துல எழுதியிருக்கேனே, படிக்கலையா?"

"இது எங்க டீம் தயாரிச்சது மேடம்," என்றார் பயிற்சியாளர், கூசாமல்.

வாசல் மேசையில் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்த கல்வி அலுவலக அதிகாரி ஓடி வந்தார். "டீச்சர், எதுக்கு வம்பு? உட்காருங்க. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். இந்தத் தடவை பதவி உங்களுக்குத்தான்னு பேச்சு அடிபடுது."

"அந்தப் பொண்ணுகிட்ட அவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்க. என் பத்துப் பக்கத்தைத் திருப்பிக் கொடுங்க. உட்கார்றேன்."

"அது ஆபீஸுக்கு வந்த காகிதம். ஆபீஸ் சொத்து."

"அப்போ பதவியையும் அதோட சேர்த்து நீங்களே வெச்சுக்கோங்க."

டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். யாரும் தடுக்கவில்லை. சிரித்த அத்தனை பேரும் குனிந்து குறிப்பு எழுதுவதுபோல் பாவனை செய்தார்கள். அந்தப் புதுப் பெண் மட்டும் தன் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"நீ போய் உட்காரும்மா. வேலை நிரந்தரமாகணும்னா உனக்கு அந்தச் சான்றிதழ் வேணும்," என்றார் டீச்சர். அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் உடைந்தது.