தஸ்லீமா கண்டுபிடித்த பழைய எண்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடி அறையில், தஸ்லீமாவும் அவள் கணவன் ஹபீப் ரகுமானும் பிரௌசிங் சென்டர் திறந்தது தொண்ணூற்றொன்பதில். ஹபீப் சவூதியில் சம்பாதித்ததைக் கொண்டு மூன்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டான். தஸ்லீமா கல்யாணத்துக்கு முன்பே மதுரைக்குப் பஸ்ஸில் போய்வந்து கம்ப்யூட்டர் படித்தவள். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள். புது மிக்ஸி வந்த அன்றே அதன் அடிமூடியைக் கழற்றி, மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இருந்தது ஒரே ஒரு போன் லைன். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சீடியிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸை ஒன்றில் ஏற்றி, மற்ற இரண்டும் அதன் வழியாகவே இன்டர்நெட்டுக்குப் போகும்படி செய்தவள் அவள்தான். அது ஒழுங்காக ஓடினால் ஹபீபுக்கு “நம்ம லினக்ஸ்”. மக்கர் செய்தால் “ஒன் லினக்ஸ்”.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த நேரம். திருச்சுழியிலிருந்து சர்புன்னிசா கைக்குழந்தையோடு வந்தாள். அவள் புருஷன் குவைத்தில் டிரைவர். பிறந்த பிள்ளையை அவன் இன்னும் பார்க்கவில்லை. ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும்.

“அவுகளுக்கு இன்னைக்குத்தான்க்கா லீவு. அங்க ஒரு சென்டர்ல போய் உக்காந்துருப்பாக” என்றாள்.

போட்டோ தயார். ஆனால் ஈமெயில் தளம் திறக்கவே இல்லை.

“லைன் சரியில்ல. மழை வேற தூறுது” என்றான் ஹபீப். மோடத்தை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். அது வழக்கம்போலக் கீச்சிட்டு இணைந்தது. அப்படியும் திறக்கவில்லை.

“லைன் மேல பழி போடாதீங்க. இந்தா, செய்தி பேப்பர் பக்கம் தெறக்குது. ஈமெயில் மட்டுந்தான் வரல.”

“அப்ப ஒன் லினக்ஸுதான்.”

தஸ்லீமா லினக்ஸின் முன் உட்கார்ந்தாள். நமக்குத் தளத்தின் பெயர் தெரிந்தால் போதும். கம்ப்யூட்டருக்கோ அந்தப் பெயருக்கு உரிய எண் வேண்டும். இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியின் சர்வரிடம் பெயரைச் சொன்னால் அது எண்ணைச் சொல்லும். அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்க்கும் பிங் அடித்துப் பார்த்தாள். லினக்ஸ் ஓர் எண்ணைத் தேடிப் போனது. அங்கிருந்து பதிலே இல்லை. அதே பெயரை நேராகக் கம்பெனி சர்வரிடம் கேட்டாள். அது வேறு எண்ணைச் சொன்னது. அந்த எண்ணுக்கு பிங் அடித்தால் உடனே பதில் வந்தது.

“கம்பெனிக்காரவுக ஒண்ணு சொல்றாக, இது ஒண்ணு சொல்லுது. இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

கம்பெனியைக் கேட்பதற்கு முன்னால் லினக்ஸ் தன்னிடமே இருக்கும் ஒரு சின்ன ஃபைலைப் பார்க்கும் என்பது அவள் நினைவுக்கு வந்தது. திறந்தாள். கடைசி வரியில் ஈமெயில் தளத்தின் பெயரும் அந்தச் செத்த எண்ணும் இருந்தன.

“ஏங்க, இது நான் எழுதலையே?”

ஹபீப் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “போன மழைக்குக் கம்பெனி சர்வரு படுத்துக்கிச்சுல்ல. மதுரையில ஒருத்தர் சொன்னாருன்னு இந்த எண்ண நாந்தான் எழுதுனேன். அன்னைக்கு நல்லா ஓடுச்சு புள்ள.”

“அன்னைக்கு ஓடுச்சு. இப்ப ஈமெயில்காரவுக வேற எண்ணுக்கு மாறிட்டாகல்ல?”

வரியை அழித்துவிட்டு, பழைய எண்ணை நினைவில் வைத்திருக்குமே என்று மற்ற கம்ப்யூட்டர்களை வெளியே அனுப்பும் புரோகிராமையும் நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். தளம் மெல்லத் திறந்தது. சர்புன்னிசா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள். போட்டோ ஏறி முடிக்க நெடுநேரமானது. எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும் என்று அதுவரை யாரும் போனைத் தொடவில்லை.

பதில் ஆங்கில எழுத்தில் தமிழாக வந்தது. தஸ்லீமா படித்துக் காட்டினாள்: “மூக்கு எங்க அத்தா மூக்கு.”

“எங்க மாமனாரு மூக்கேதான். அதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டாகளே!” என்று சர்புன்னிசா சிரித்தாள். சிரிக்கும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஊரில் எந்தப் பருத்திக் கமிஷன் கடையில் இன்டர்நெட் நின்றாலும் தஸ்லீமாவுக்கு ஆள் வந்தது. ஹபீப்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போவான். “எங்க வீட்டுல பார்த்தா சரியாயிரும்” என்று அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் சொல்லிவிடுவான்.