இடுப்பு அக்காவுக்கு, பயம் அண்ணனுக்கு

“இவள இனிமே படுக்க வெச்சே பாத்துக்கறேன் மேடம். வெங்காயக் கொல்லைய குத்தகைக்கு வுட்டுடப் போறேன்.”

பெரம்பலூரில் நான் நடத்தும் பிசியோதெரபி கிளினிக்குக்குள் நுழைந்ததும் செல்வராசு அண்ணன் சொன்னது இது. செட்டிகுளம் பக்கத்து விவசாயி. பின்னால் அவர் மனைவி தனலட்சுமி அக்கா, சேலைக்கு மேல் இடுப்பு பெல்ட், முகத்தில் கடுகடுப்பு.

“கொல்லைய வுட்டுட்டு நா வூட்ல கோழி மேய்க்கறதா?”

கொல்லை அண்ணன் பேரில் இருந்தாலும் விளைய வைப்பது அக்கா. அது கைவிட்டுப் போகக் கூடாது என்றுதான் என்னிடம் வந்திருந்தார்.

ஒரு வருஷ வலி. கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர்த் தொல்லை, காய்ச்சல் எதுவும் இல்லை. எலும்பு டாக்டரும் ஆபரேஷன் தேவையில்லை என்றுதான் அனுப்பியிருந்தார். ஸ்கேனில் மட்டும் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று ஒரு வரி, அதாவது முதுகெலும்புத் தட்டு லேசாகப் பிதுங்கியிருக்கிறது. அண்ணன் அதை மனப்பாடம் செய்து ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த வயதில் வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும் என்றேன். மனிதர் நம்பவில்லை.

“கொஞ்சம் குனிங்கக்கா.”

முழங்கால் வரைகூட கை போகவில்லை. “ஏய், பாத்து பாத்து! டிஸ்க்கு நவுந்துரும்!” என்று அண்ணன் போட்ட சத்தத்தில் எனக்கே இடுப்பு பிடித்துக்கொள்ளும்போல இருந்தது. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு விறைத்து நின்றுவிட்டார். மறுபடி குனியச் சொன்னேன், மறுபடி சத்தம். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

“அண்ணே, எதிர்க்க டீக்கடை இருக்கு. மூணு டீ வாங்கிட்டு வாங்க.”

அவர் தலை மறைந்ததும், “மூச்சு விட்டுக்கிட்டே குனிங்க” என்றேன். கை கணுக்காலைத் தொட்டது! அக்கா என்னைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார்.

“வலிக்குதாக்கா?”

“வலிக்குதுதான். ஆனா பயமா இல்ல மேடம்.”

டீயோடு வந்த அண்ணனை உட்கார வைத்தேன். “உள்ள இருந்த புண்ணு எப்பவோ ஆறிடுச்சுண்ணே. ஆடு உரசுனாலே கத்துற பைக் அலாரம் மாதிரி இடுப்பு சும்மா கத்துது. நீங்களும் சேந்து கத்துனா அது எப்ப அடங்கும்?”

பெல்ட்டைக் கழற்றினோம். தினம் நடை, குனிந்து நிமிரும் எக்ஸர்சைஸ், முதலில் ஸ்டூலிலிருந்தும் பிறகு தரையிலிருந்தும் வெங்காயக் கூடை தூக்குவது. அண்ணனுக்கும் ஒரு வேலை கொடுத்தேன்: அக்கா குனிந்து நிமிர்வதை எண்ண வேண்டும், எண்களைத் தவிர வாயில் வேறு எதுவும் வரக் கூடாது. நடுவில் ஒருநாள் வலி ஏறியபோது அவர் குத்தகைக்காரருக்கு போன் போடப் போக, அக்கா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாராம். வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் குறைந்தது, அக்காவும் அதற்கு அடங்கிப் போவதை நிறுத்திவிட்டார்.

அப்போதிருந்து, முதுகைத் தொடுவதற்கு முன் கூட வந்தவர் என்ன பேசுகிறார் என்று கவனிக்கிறேன். பாசத்தில் சொல்லும் ‘குனியாதே’யும் ஒரு நோயாளியை முடக்கிப் போடும்.

அறுவடை அன்று அக்காவிடமிருந்து போன்.

“மேடம், இவருக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு! நீ குனியாதன்னு என்னய தள்ளிட்டு, அவரே வெங்காயம் புடுங்க எறங்குனாரு.” பின்னால் அண்ணனின் முனகல் கேட்டது.

“கால் ஏதும் மரத்துப் போகுதா?”

“அதெல்லாம் இல்லியாம்.”

“அப்ப படுக்க வெச்சிடாதீங்கக்கா.”

“நா ஏன் படுக்க வெக்கறேன்? மெதுவா நடந்துபோயி எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வரச் சொல்லிட்டேன்.”