எதிர்ப்பக்கம் திரும்பிய வண்டியும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் கர்த்தரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அவர்களை நாகர்கோவில் பஸ் ஷெட்டின் பெரிய மெக்கானிக்காகத்தான் தெரியும். ஸ்டீரிங் கோளாறு என்றால் முதலில் அண்ணனைத்தான் தேடுவார்கள். அத்தனை வண்டிகளைச் சரியாக்கியவர்கள் ஏன் ஒரு வண்டியையும் ஓட்டுவதில்லை என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்கள். எனக்கு மழுப்ப வராது. ஆகவே தங்கை நான் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது சுசீந்திரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில். அப்பா சீக்கிரமே போய்விட்டார்கள். அம்மா பெரிய வீட்டு வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய் எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். நாங்கள் குடியிருந்த மண்ணும் அந்தப் பெரிய வீட்டுடையதுதான். மிஷன் பள்ளிப் படிப்பு முடிந்ததும் அண்ணன் நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் சேர்ந்து வண்டி வேலையும் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். அதைக் கேள்விப்பட்டுப் பெரிய வீட்டு ஐயா ஆள் அனுப்பினார். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது.

ஐயா புதுச்சேரியிலிருந்து ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். பிரெஞ்சுக்காரர் ஊர் வண்டியானதால் ஸ்டீரிங் இடப்பக்கம் இருந்தது. அதை வலப்பக்கம் மாற்றச் சொன்னார். ஸ்டீரிங் தண்டின் அடியில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து ஓர் இரும்புக் கை, அந்தக் கை தள்ளி இழுக்கும் ஒரு நீளக் கம்பி. அந்தக் கம்பிதான் முன்சக்கரங்களைத் திருப்பும். பெட்டியை வலப்பக்கத்துக்குக் கொண்டுவரக் கவிழ்த்து வைக்க வேண்டியதாயிற்று. அதனால் கை முன்னே தள்ள வேண்டிய நேரத்தில் பின்னே இழுத்தது. முற்றத்தில் ஓட்டிப் பார்த்தால், வலப்பக்கம் ஒடிக்க வண்டி இடப்பக்கம் போகிறது!

அண்ணன் பதறிப்போய் இறங்கினார்கள். "கைய மேல பாத்து மாட்டணும் ஐயா. கம்பியயும் கொஞ்சம் வளைக்கணும். நாளைக்கே நேராக்கிரலாம்."

ஐயா யோசித்தாராம். "அப்பம் வேற எவனுக்கும் இத ஓட்ட வராதா?"

"ஆருக்கும் வராது ஐயா."

"அப்பம் இப்பிடியே கெடக்கட்டும்டே. நீ ஓட்டிப் பழகு."

ஐயாவின் அக்காள் மகனுக்குக் கார் ஓட்டத் தெரியும். மருமக்கள் வழிப்படி சொத்து அக்காள் மகனான மருமகனுக்கா, பெற்ற மகனுக்கா என்று பெரிய வீடுகளில் எல்லாம் இழுபறியாக இருந்த காலம் அது. மருமகன் ஒருநாள் வந்து காரை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று ஐயாவுக்குப் பயம். அவர் பயத்துக்கு எங்கள் அண்ணனைப் பூட்டாகப் போட்டுக்கொண்டார்.

அண்ணன் பழகினார்கள். மாட்டு வண்டி எதிரே வந்தாலே உடம்பெல்லாம் வேர்க்கும் என்று பிறகு சொல்வார்கள். வருடம் போகப் போக அதுவே கையில் ஊறிவிட்டது. ஐயா கோர்ட்டுக்கும் கல்யாணத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் அண்ணன் இல்லாமல் அசைய முடியாது. அதனால் அண்ணனும் அசைய முடியாது. படுக்கை கார் கொட்டகையில். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கூட வந்ததில்லை. விருந்தாளிகளை ஏற்றி ஓட்டச் சொல்லி, அவர்கள் வைக்கோல் படப்பில் கொண்டுபோய் முட்டுவதைப் பார்த்துச் சிரிப்பது ஐயாவுக்கு ஒரு பொழுதுபோக்கு. "எங்க டிரைவரு ஒருத்தனுக்குத்தான் இது அடங்கும்" என்பார். ஊரில் எல்லோரும் அதைப் பெருமை என்றார்கள். அம்மாவை அடக்கம் பண்ணிய அன்று, கல்லறைத் தோட்டத்திலிருந்து நாங்கள் வீட்டுக்குத் திரும்புமுன் ஆள் வந்து நின்றது, ஐயா ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட வேண்டுமாம். அண்ணன் கையில் மண் ஒட்டியிருந்தது. அப்படியே போனார்கள். அன்று நான் அழுதது அம்மாவுக்காக மட்டும் அல்ல.

அஞ்சுகிராமத்தில் எங்கள் மாமா மகளை, அதாவது அண்ணியை, அண்ணனுக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். இப்போது மாமா ஒரே பிடியாக நின்றார்கள். "கார் கொட்டகையில கொண்டுபோய் எம் மொவள வைக்கதுக்கா? வெளிய வரட்டும், தாறேன்." அண்ணன் ஒரு பஸ் முதலாளியைப் போய்ப் பார்த்தார்கள். ஐயாவிடம் தானே பேசி அண்ணனைக் கேட்டு வாங்கிக்கொள்வதாகவும், முதலில் ஓட்டிக் காட்டும்படியும் அவர் சொன்னார். அண்ணன் நல்ல பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். வலப்பக்கம் திருப்பச் சொன்னதும் கை இடப்பக்கம் ஒடித்தது. பஸ் ஓடைக்குள் இறங்கி நின்றது. முதலாளி, குடித்துவிட்டு வந்தாயா என்று கேட்டாராம். எங்கள் அண்ணன் கள்ளை மோந்துகூடப் பார்த்தவர்கள் அல்ல.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். "அந்த வண்டிய விட்டா எனக்கு வேற வண்டி கெடையாது" என்றார்கள். விஷயம் கேள்விப்பட்டு மாமாவோடு வந்திருந்த அண்ணி, அடுக்களை வாசலில் நின்றபடி கேட்டார்கள்.

"அத்தான், அந்தக் காரு கம்பிய நேராக்க எவ்வளவு நேரம் ஆவும்?"

"ஒரு பகலு போதும். ஆனா நேராக்குனா எனக்கு ஓட்ட வராதே, ஏட்டி."

"வராண்டாம். ஓட்ட வராதவர வச்சு அந்த ஐயா என்ன செய்யப் போறாரு? விட்டிருவாருல்லா?"

நானும் அங்கேதான் இருந்தேன். இத்தனை வருடம் அண்ணனுக்கும் மாமாவுக்கும் எனக்கும் தோன்றாதது அது. மாமா மட்டும், ஐயா அந்த மண்ணைவிட்டு உங்களைக் கிளப்பிவிடுவார் என்றார்கள். கிளப்பட்டும் என்றேன் நான்.

அடுத்த ஞாயிறு ஐயா தேரோட்டம் பார்க்கப் போயிருந்தபோது அண்ணன் காரின் அடியில் படுத்தார்கள். கையைக் கழற்றி மேல்நோக்கி மாட்டி, கம்பியை வளைத்துச் சேர்த்துச் சரியாக்கினார்கள். மறுநாள் காலை ஐயா கோர்ட்டுக்குப் போக ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் கதவருகில் நின்று சொன்னார்கள்.

"ஐயா, வண்டிய நேராக்கிட்டேன். இனி ஆரு வேணும்னாலும் ஓட்டலாம். எனக்கு மட்டும் வராது."

"வெளையாடாத. ஏறுலே."

அண்ணன் ஏறினார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, உண்மையாகவே முயன்றார்கள். கார் வாசல் கல்தூணில் உரசி நின்றது.  ஐயா, மீண்டும் பழைய மாதிரி மாற்று என்றார். அண்ணன், "மாட்டேன் ஐயா" என்றார்கள். வாழ்க்கையில் அவர்கள் அந்த வீட்டில் சொன்ன முதல் மாட்டேன் அது.  சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்கள்.

மாமா சொன்னபடியே ஐயா எங்களை அந்த மண்ணிலிருந்து கிளப்பினார். அஞ்சுகிராமத்தில் மாமா வீட்டின் பின்கட்டில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு அண்ணன் பஸ் ஷெட்டில் கையாளாகச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் மூவரையும் படிக்க வைத்தார்கள். கோபம் அறியாதவர்கள். கடைசி மாதங்களில் மூச்சுக்குத் திணறியபோதும் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

படுக்கையில் பக்கத்திலிருந்து பார்த்த டாக்டருக்கும், பாட்டுப் பாடி ஜெபித்த சபையாருக்கும், வேலையை நிறுத்திவிட்டு வந்த ஷெட் தம்பிமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கத்தன்று பெரிய வீட்டுப் பேரன் பெட்டியை ஏற்றிச் செல்லத் தன் காரை அனுப்பியிருந்தார். நல்ல பிள்ளை, பழைய கதை ஒன்றும் தெரியாது. அவருக்கும் நன்றி. வேண்டாம் என்று டிரைவரைத் திருப்பி அனுப்பியது நான்தான். அண்ணனைக் கல்லறைத் தோட்டம்வரை நாங்கள் தோளில்தான் கொண்டுபோனோம்.